அலங்காரம் என்று பேர் வைத்தோம்

எங்கள் வீட்டுக்காரர் ஒருநாள் சாயங்காலம் டியூட்டி முடித்து வரும்போது கையில் ஒரு பிரம்புக் கூடை இருந்தது. பெங்களூர் டிரிப் போய்வந்தால் பீன்ஸோ முட்டைக்கோஸோ வாங்கிவருவார். அதுதான் என்று கையை நீட்டினேன். கூடைக்குள்ளிருந்து குறட்டைச் சத்தம் வந்தது.

“என்னாங்க இது?”

“நாய்.”

“நாய் எங்கியாச்சும் கொறட்ட விடுமா?”

“இது விடுது. அதுக்கு நான் என்னா பண்றது?” என்று சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

அவர் கிருஷ்ணகிரிக்கும் பெங்களூருக்கும் நடுவே ஓடிய ஒரு தனியார் பஸ்ஸுக்கு டிரைவர். நாங்கள் குடியிருந்தது ஓசூரில், பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில். ஐம்பதுகளின் ஓசூர் அது. இப்போது கம்பெனிகள் நிற்கிற இடமெல்லாம் அன்றைக்கு ராகிக் காடு. குளிருக்கும் தூசிக்கும் குறைச்சலில்லாத ஊர். அதைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

கூடை வந்த கதை இதுதான். மத்திகிரிப் பக்கம் ஒரு பங்களாவில் தனியாக இருந்த வெள்ளைக்காரக் கிழவி, தன் தேசத்துக்கே போய்விடுவது என்று முடிவுபண்ணி, பெட்டி படுக்கையோடு இவர் பஸ்ஸில் ஏறியிருக்கிறாள். கப்பலில் நாயை ஏற்றமாட்டார்களாம். பெங்களூரில் யாரோ வந்து வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. பஸ் போய் நின்றது, எல்லோரும் இறங்கினார்கள், வாங்கிக்கொள்ள ஒருத்தரும் வரவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது. கிழவி கூடையை டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, இவர் கையைப் பிடித்துக்கொண்டு இங்கிலீஷில் என்னென்னவோ சொல்லி அழுதிருக்கிறாள். இவருக்கு அழுகை மட்டும்தான் புரிந்தது. நாயின் பேரைக் கேட்டுவைக்க வேண்டும் என்று அந்த நேரத்தில் தோன்றவில்லை.

கூடையைத் திறந்து பார்த்தபோது எனக்கு ஐயோ பாவம் என்று ஆகிவிட்டது. நம்மூர் நாய் என்றால் நீட்டமாக ஒரு மூக்கு இருக்கும். இதற்கு முகமே தட்டையாக, கறுப்பாக, நெற்றியெல்லாம் மடிப்பு மடிப்பாக இருந்தது. கண் ரெண்டும் வெளியே வந்து விழுந்துவிடும் போல. வால் முறுக்கிய முறுக்கு. மூச்சு விடுவதற்கே கர்புர்ரென்று இரைந்தது. பக்கத்து வீட்டுத் தெலுங்கு அக்கா வந்து குனிந்து பார்த்துவிட்டு, நாயா பன்றிக்குட்டியா என்று தெலுங்கிலேயே கேட்டாள். யாரோ மூக்கில் கட்டையால் அடித்துவிட்டார்கள், உள்ளே சளி கட்டிவிட்டது என்று அவளே முடிவும் சொன்னாள். நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து நொச்சி இலையைக் கொதிக்கவைத்து அதற்கு ஆவி காட்டினோம். மஞ்சளும் சுக்கும் அரைத்து மூக்கில் பற்றுப் போட்டோம். அது தும்மிவிட்டுப் பற்றை நக்கிச் சாப்பிட்டது. அந்த ஜாதியே அப்படித்தான் இருக்கும் என்று மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் வந்து சொன்ன பிறகுதான் வைத்தியத்தை விட்டோம். கடுவன்தான் என்பதையும் அவர்தான் உறுதியாகச் சொன்னார்.

நாய் தங்கிவிட்டது. அடுத்தது பேர்.

எங்கள் லைனில் யார் எந்த பாஷை பேசினாலும் எல்லோருக்கும் சினிமா பொது. ஊருக்கு வெளியே டென்ட் கொட்டகை போட்டிருந்தார்கள். ஒரு வாரம் தமிழ்ப் படம், ஒரு வாரம் தெலுங்கு, நடுவில் கன்னடம். பாஷை புரியாதவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சொல்லிக்கொண்டே வருவார். ஆகவே நாய்க்குப் பேர் என்றதும் ஆளுக்கொரு படத்திலிருந்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். தெலுங்கு அக்கா, போன வாரப் படத்தில் வந்த மந்திரவாதியின் பேரை வைக்கச் சொன்னாள், அவனுக்கும் இதேபோல முட்டைக் கண்ணாம். கோடி வீட்டு இரும்புக்கடைக் கன்னடக்காரர், நடக்கிற நடையைப் பார்த்தால் பயில்வான் மாதிரி இருக்கிறது, மல்லன் என்று வையுங்கள் என்றார். இவர் பஸ் கண்டக்டர் வந்து ஜமீன்தார் என்றார். படத்துக்குப் படம் தொந்தி தள்ளிக்கொண்டு ஒரு ஜமீன்தார் வருவானே, அவன்தான் இது என்றார். ஒவ்வொருத்தராக எதிரே உட்கார்ந்து கூப்பிட்டுப் பார்த்தார்கள். பொரியைக் காட்டினால் வந்தது. பொரி இல்லாமல் கூப்பிட்டால் அசையவில்லை.

வழக்கமாக இந்த மாதிரி சபையில் முதல் ஆளாகப் பேசுகிறவர் எங்கள் வீட்டுக்காரர்தான். சினிமா என்றால் சோறு வேண்டாம் அவருக்கு. அன்றைக்குச் சுவரில் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். எங்கே இவர் வாயைத் திறந்துவிடுவாரோ என்று எனக்கு உள்ளுக்குள் உதறிக்கொண்டே இருந்தது. சினிமாவிலிருந்து ஒரு பேர் எங்கள் வீட்டில் ஏற்கெனவே எடுத்துவைத்திருந்தோம்.

அந்தப் பேரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது என் பிள்ளையின் பேர். ஊருக்கெல்லாம் சொல்வதற்கில்லை.

அதற்கு முந்தின வருஷம் நான் உண்டாகியிருந்தேன். வயிறு நன்றாகத் தெரிந்த சமயம், டென்ட் கொட்டகையில் ஒரு ராஜா ராணிப் படம் வந்தது. பெண்கள் பக்கம் மணலைக் குவித்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். ராஜகுமாரனைக் காட்டுக்குத் துரத்திவிடுகிறார்கள். அவனோடு யாரும் போகக் கூடாது என்று உத்தரவு. அவனுடைய சிநேகிதன் ஒருத்தன் மட்டும், குண்டுக் கன்னமும் உருட்டுக் கண்ணுமாக, துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கப் பின்னாலேயே ஓடுகிறான். அவன் பேர் அலங்காரம். அவன் ஓடுகிற ஓட்டத்துக்குக் கொட்டகையே சிரித்தது. அப்புறம் ராணி மாடியில் நின்று மகன் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். அவள் கூப்பிட்டதும் என் வயிற்றில் உதைத்தது. சும்மா அசைந்தது இல்லை, உதைத்தது. நான் பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் போகிற வழியில் அவரிடம் சொன்னேன். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. “அப்ப அவன்தான். அதான் அவன் பேரு,” என்றார். மறுநாளே பஸ்ஸில் கண்டக்டரிடம் சொல்லிவிட்டார், கிருஷ்ணகிரி ஓட்டலில் சொல்லிவிட்டார், சூளகிரியில் டீ போடுகிறவர் வரைக்கும் தெரிந்துவிட்டது. பிறக்காத பிள்ளைக்குப் பேர் வைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். துணி தைக்கமாட்டார்கள், தொட்டில் வாங்கமாட்டார்கள். வளைகாப்புக்கு வந்த என் அம்மா இதைக் கேட்டுவிட்டு முகம் சுருங்கிப் போனாள். மாப்பிள்ளையிடம் கேட்க முடியாதே, என்னைத்தான் திட்டினாள்.

பிரசவத்துக்கு எங்கள் ஊருக்குப் போனேன். கல்லாவிக்குப் பக்கத்தில், மானாவாரி நிலம், ராகியும் கொள்ளும் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிற குடும்பம். பையன் பிறந்தான். நல்ல நிறம், நல்ல எடை. நட்சத்திரத்தில் ஏதோ தோஷம், தீட்டுக் கழித்துப் பேர் வைக்கிற அன்றைக்கே அப்பன் முகம் பார்க்கட்டும் என்று ஜோசியர் சொல்லிவிட்டார். சரி என்று அவரும் அந்த நாளுக்கு லீவு சொல்லிவைத்துவிட்டு, இங்கே பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார்.

அந்த நாள் வருவதற்கு முன்னால் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. பால் குடிக்கவில்லை. விடிந்தும் விடியாமலும் என் தம்பி ஊத்தங்கரைக்கு ஓடி, கிருஷ்ணகிரி போகிற முதல் பஸ்ஸில் சேதி சொல்லிவிட்டான். அந்தக் காலத்தில் எங்களுக்கெல்லாம் அதுதான் தபால். ஒரு பஸ் டிரைவரிடம் சொன்னால் அவர் அடுத்த பஸ் டிரைவரிடம் சொல்வார், சேதி கையோடு கையாகப் போய்ச் சேர்ந்துவிடும். அன்றைக்கும் சேதி நேரத்தோடு கிருஷ்ணகிரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இவரும் அங்கேதான் இருந்தார். பெங்களூர் டிரிப்புக்கு ஆளேற்றிக்கொண்டிருந்தார்.

யாரும் அவரிடம் சொல்லவில்லை.

டிரைவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஸ்டீரிங் பிடிக்கப் போகிறவனிடம் கெட்ட சேதி சொல்லக் கூடாது. மனசு கலங்கினால் கை கலங்கும், பின்னால் அத்தனை உயிர் உட்கார்ந்திருக்கிறது. டிரிப் முடிந்து வண்டியை நிறுத்திச் சாவியைக் கையில் வாங்கிக்கொண்டுதான் சொல்வார்கள். அன்றைக்கும் அவருக்கு டீ வாங்கிக்கொடுத்திருக்கிறார்கள், தோளில் தட்டி அனுப்பிவைத்திருக்கிறார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. மாற்று டிரைவர் ஒருத்தரைப் பிடித்துவந்து உட்காரவைத்திருக்கலாமே என்று நான் எத்தனையோ நாள் நினைத்து நினைத்து மாய்ந்திருக்கிறேன். அவர்களுக்குத் தோன்றவில்லை. சாயங்காலம், அன்றைய கடைசி டிரிப்பும் முடிந்த பிறகு, பெங்களூரில் சாவியை வாங்கிக்கொண்டு சொன்னார்கள். அந்நேரம் எங்கள் ஊரில் பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்து எல்லோரும் தலை முழுகிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் மத்தியானம் வந்து சேர்ந்தார். நிலத்து ஓரத்தில், புங்க மரத்தடியில் என்று யாரோ சொன்னார்கள். போய்ப் பார்க்கக் கூடாது என்றும் அவர்களே சொன்னார்கள். பேர் வைக்காத பிள்ளை, அதற்குக் காரியம் கிடையாது, படையல் கிடையாது, நினைத்து அழுவதும் ஆகாது, அடுத்தது தங்காது. ஆளாளுக்கு ‘அது’ என்றார்கள். அது போயிடுச்சு, அதுக்குக் குடுப்பினை அவ்வளவுதான். என் காதுபடவே சொன்னார்கள். முன்கூட்டியே பேர் வைத்தால் இப்படித்தான் என்று ஒரு கிழவர் அவர் காதுபடவும் சொன்னார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அன்றைக்கு மூடிய வாய்தான். ஓசூருக்கு வந்த பிறகும் அந்தப் பேரை அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. டென்ட் கொட்டகைப் பக்கமும் அவர் போகவில்லை. நாலு மாதமோ ஐந்து மாதமோ கழிந்துதான் இந்த நாய் வந்தது.

இப்போது தெரிந்திருக்கும், பேர் வைக்கிற சபையில் எனக்கு ஏன் உதறியது என்று.

அன்றைக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. மந்திரவாதி, மல்லன், ஜமீன்தார் எதுவும் ஒட்டவில்லை. நான் ‘இந்தா’ என்று கூப்பிட்டுச் சோறு போட்டேன். பிறகு ஒரு சாயங்காலம் வாசற்படியில் உட்கார்ந்து முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருக்கிறேன், பின்கட்டுக் கிணற்றடியிலிருந்து அவர் குரல் கேட்டது. அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். மெதுவாகத்தான் கூப்பிட்டார். எழுந்து போய்ப் பார்த்தால், எத்தனை பேர் கூப்பிட்டும் அசையாத அந்த நாய் அவர் காலடியில் போய் நின்றுகொண்டு அண்ணாந்து பார்க்கிறது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் முறத்தை அரிசியோடு அங்கேயே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். பத்து மாதம் சுமந்து பெற்ற பிள்ளைக்கு எடுத்துவைத்த பேரை, யாரோ விட்டுவிட்டுப் போன நாய்க்கு வைக்கிறார் இந்த மனுஷன். என் பிள்ளை என்ன அவ்வளவு அற்பமா?

அதிலிருந்து நான் அவரோடு பேசவில்லை. சண்டை போடவும் இல்லை. சோறு போட்டேன், தண்ணீர் வைத்தேன், தட்டை வைக்கிறபோது கொஞ்சம் சத்தமாக வைத்தேன். அவருக்கு ஏன் என்று தெரியும். தெரிந்தும், வேலைக்குப் போகும்போது ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை, அந்தப் பேரைச் சொல்லி நாயைக் கூப்பிடாமல் அவரால் இருக்க முடியவில்லை. நான் அடுப்படியில் இருக்கிறேனா என்று பார்த்துக்கொண்டு தணிந்த குரலில் கூப்பிடுவார். அது குடுகுடுவென்று ஓடும். தெலுங்கு அக்கா கூட, விஷயம் தெரியாமல், அட, பேர் நன்றாக இருக்கிறதே, எந்தப் படம் என்று கேட்டுவிட்டாள். அன்றைக்கு நான் அடுப்பங்கரையில் உட்கார்ந்து, வெங்காயம் உரிக்காமலே அழுதேன்.

அவருக்கு வார லீவு வந்தது. வெயில் நன்றாக ஏறியிருந்தது. கிணற்றடியில் குந்தி உட்கார்ந்து நாய்க்குச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். நான் துணி அலசப் போனவள், வாளியைக் கீழே வைத்தேன். இதற்கு மேல் பொறுத்தால் செத்துப்போவேன் என்று இருந்தது.

“எம் புள்ள பேர நாய்க்கு வெக்க உங்களுக்கு எப்பிடிங்க மனசு வந்துச்சு?”

அவர் நிமிரவில்லை. சோப்பு நுரையோடு நாயின் முதுகில் கையை வைத்தபடியே இருந்தார்.

“புள்ளைக்கு எங்க பேர் வெச்சோம்?” என்றார்.

ஒரு கையால் சொம்பை எடுத்தவர் அதைத் திரும்பக் கீழே வைத்தார்.

“பேரில்லாத புள்ளன்னு தான உங்க ஊர்ல எல்லாரும் சொன்னாங்க. காரியம் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் அவன் மூஞ்சியும் பாக்கல. ஒரு தரம், ஒரே ஒரு தரம் வாயத் தொறந்து கூப்பிடவும் இல்ல. டிரிப் போறப்ப எல்லாம் அந்தப் பேரு தொண்டைலயே நிக்குது புள்ள. சூளகிரி ஏத்தத்துல வண்டி ஏறும்போது நெஞ்ச அடைக்குது. எதையாச்சும் பாத்துக் கூப்பிட்டுட்டா கொஞ்சம் எறங்குது. எதைப் பாத்துக் கூப்பிடட்டும், நீயே சொல்லு.”

இதைச் சொல்லிவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து நாய்மேல் ஊற்றினார். பாதி அதன்மேல் விழுந்தது, பாதி அவர் மடியிலேயே விழுந்தது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

அதுவரை நான் யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. என் அம்மாவுக்கும் தெரியாது. பேரை முன்னால் வைத்ததால்தான் பிள்ளை போயிற்று என்று ஊரே சொல்லிக்கொண்டிருக்கிறபோது அதை எப்படிச் சொல்வது? அவருக்கும் அந்த நினைப்பு இருக்குமோ என்று பயந்துபோய்ச் சொல்லாமலே வைத்திருந்தேன். அந்தப் பயமெல்லாம் அந்தக் கிணற்றடியில் விட்டுப்போயிற்று.

“பேர் வெச்சாச்சு,” என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“நான் வெச்சேன். பொறந்த மறுநாளே. எங்கம்மா மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருந்தா. அந்த ரூம்ல நானும் அவனுந்தான். காதுக்கிட்ட வாய வெச்சு மூணு தரம் சொன்னேன். பேர் வெக்கிறப்ப எப்பிடிச் சொல்வாங்களோ அப்பிடியே சொன்னேன். அப்புறம் பால் குடுக்கறப்ப எல்லாம் அந்தப் பேரச் சொல்லித்தான் கூப்பிட்டேன். அவன் பேரில்லாத புள்ள இல்ல.”

“அவனுக்குக் கேட்டுதா?”

“கேக்காம? கண்ணத் தொறந்து எம் பக்கம் திரும்பினான்.”

“திரும்பினானா?”

“ஆமாங்க. நான் எந்தப் பக்கம் இருந்து கூப்பிட்டாலும் அந்தப் பக்கம் திரும்புவான்.”

அவர் சோப்புக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண்ணெல்லாம் சோப்பு. பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். எப்படி இருந்தான், யார் ஜாடை, முடி இருந்ததா, அழுதால் குரல் எப்படி. ஊரில் அத்தனை பேர் இருந்தோம், இதையெல்லாம் அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்டதில்லை. காது மட்டும் உங்கள் காது என்று சொன்னேன். அவர் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதைப் பார்த்து எனக்கு உடைந்து போய்விட்டது. துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து ரெண்டு பேரும் வெட்கமில்லாமல் அழுதோம். காய்ச்சலில் பிள்ளை போனது, பேரால் போகவில்லை. நான் அன்றைக்குப் பேர் சொல்லிக் கூப்பிட்டதற்காக ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை, இன்றைக்கும் இல்லை.

நாய் உடம்பை உதறி எங்கள் ரெண்டு பேர்மேலும் தண்ணீரைத் தெளித்துவிட்டு, கர்புர்ரென்று மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது.

“அப்ப இதுக்கு?” என்று கேட்டார்.

“ஆளிருக்கிற பேர எடுத்து இன்னொருத்தருக்கு வெப்பாங்களா? அதே படத்துல வேற பேரே இல்லியா? அந்த ராஜகுமாரன் பின்னாடியே மூட்டையத் தூக்கிக்கினு ஓடுவானே…”

“அலங்காரம்,” என்றார்.

நாங்கள் ரெண்டு பேரும் நாயைப் பார்த்தோம். குண்டுக் கன்னம், உருட்டுக் கண், நின்ற இடத்திலேயே இரைக்கிற இரைப்பு. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளை போன பிறகு அந்த மனுஷர் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அலங்காரம் என்றே வைத்தோம். லைனில் எல்லோரும், இந்த மூஞ்சிக்கு அலங்காரமா என்று சிரித்தார்கள், தெலுங்கு அக்கா அதை அலங்காரமு ஆக்கினாள். புதுப் பேர் படிய ரொம்ப நாள் ஆயிற்று. ஒரு கூடை பொரி செலவானது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அறுப்பு முடிந்த சமயம் எங்கள் ஊருக்குப் போனோம். அலங்காரத்தைக் கூடையில் வைத்துத்தான் பஸ்ஸில் கொண்டுபோனோம், வழியெல்லாம் தூங்கிக்கொண்டே வந்தது. மத்தியானம் சாப்பிட்டு எல்லோரும் சாய்ந்திருந்த நேரத்தில் அவர் என்னைப் பார்த்து, “எடத்தக் காட்டு,” என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. போகக் கூடாது என்று சொல்கிற யாரும் அப்போது விழித்திருக்கவில்லை.

ராகி அறுத்த தாள் காலில் குத்தியது. அலங்காரம் பின்னால் வரமுடியாமல் வரப்பில் எதையோ மோந்துகொண்டு ரொம்ப தூரத்திலேயே நின்றுவிட்டது. புங்க மரத்தடியில் மேடெல்லாம் ஒன்றும் இல்லை. மழையில் கரைந்து சமமாகிவிட்டிருந்தது. இதுதான் என்று கையைக் காட்டினேன். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். எதற்கோ காத்திருப்பவர் மாதிரி நின்றார். அப்புறம் அந்தப் பேரைக் கூப்பிட்டார்.

கிணற்றடியில் கூப்பிட்ட மாதிரி இல்லை. வாய்விட்டு, காடெல்லாம் கேட்கிற மாதிரி, தூரத்தில் விளையாடிக்கொண்டிருக்கிற பிள்ளையைச் சாப்பிட வா என்று அப்பன் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டார்.

வரப்பில் நின்ற நாய் தலையைத் தூக்கியது. அலங்காரம் என்று எத்தனை பொரி போட்டுப் பழக்கினால் என்ன, அந்தப் பேரை அது மறக்கவில்லை. அந்தக் கட்டைக் காலை வைத்துக்கொண்டு, தாள் குத்தக் குத்த, விழுந்து எழுந்து, இரைக்க இரைக்க ஓடிவந்தது. வந்து நேராக மரத்தடியில், நான் கை காட்டிய அதே இடத்தில், அவருக்கு எதிரே நின்று அண்ணாந்து பார்த்தது.

எனக்குக் கோபம் வரவில்லை. அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

“கூப்பிட்டா வர்றான் பாரு புள்ள,” என்றார்.

“வராம?” என்றேன்.